வேனுக்குள் தங்கி வீடு கட்டும் பயணம்: காரைக்குடிப் பக்கம் போய்வந்த எங்கள் கருத்து

காலையில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டும் இடத்தில் வேலை. மத்தியானத்துக்கு மேல் செட்டிநாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது. இரவில் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வேனிலேயே தூக்கம். இப்படி ஒரு ஏற்பாட்டில் தை மாதம் நானும் எங்கள் வீட்டுக்காரரும் போய்வந்தோம். போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும் வேலைக்காகத் தாராளமாகப் போகலாம். வேனில் குறை உண்டு, அதையும் எழுதுகிறேன். வேனில் ஊர் சுற்றும் ஆசை மட்டும் இருந்தால், அதே பணத்துக்குக் காரைக்குடியில் நல்ல அறை எடுத்து, கார் வைத்துப் பார்த்துவிடலாம்.

வேன் திருச்சியில் வண்டி வாடகைக்கு விடும் ஒரு வாடகைக்காரருடையது. வீடு கட்டுவது காரைக்குடிப் பக்கத்து அறக்கட்டளை ஒன்று. இருவர் பெயரையும் எழுதப் போவதில்லை. இதே மாதிரி ஏற்பாட்டை யார் செய்தாலும் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் படிப்பவருக்கு உதவும். நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். ஆகவே வேனைப் பற்றி இங்கே எழுதுவதில் பாதி அவர் கண்ணால் பார்த்தது.

இந்த யோசனை அமெரிக்காவில் பழையது. அங்கே ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற வீடு கட்டித் தரும் அமைப்பை, 1976-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற சிற்றூரில் மில்லார்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் தொடங்கினார்கள். அதில் ஆர்.வி. கேர்-எ-வேனர்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஆர்.வி. எனப்படும் சொந்த வண்டி வீட்டை ஓட்டிக்கொண்டு வீடு கட்டும் ஊருக்குப் போய், வழக்கமாக இரண்டு வாரம் தங்கி வேலை செய்வார்கள். ஓய்வு நேரத்தில் பக்கத்து ஊர்களைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புவார்கள். கட்டட வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வண்டி நிறுத்த இடமும் தண்ணீர், மின்சாரமும் உள்ளூர்க் கிளை பார்த்துக்கொள்ளும். வீடு பெறும் குடும்பமும் உடம்பு வணங்கி வேலை செய்ய வேண்டும் என்பது அந்த அமைப்பின் கொள்கை. நம் நாட்டுக்கு அவர்கள் 1983-இலேயே, இப்போது தெலங்கானாவில் உள்ள கம்மத்துக்கு வந்துவிட்டார்கள். 2006-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பக்கம் வந்து, தன்னார்வலர்களோடு 100 வீடு கட்டும் வேலையில் கலவையும் செங்கல்லும் எடுத்தார்.

நாங்கள் போன ஏற்பாட்டுக்கும் அந்த அமைப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். வேலை செய்ய வருகிறவர்களுக்கு அறை, சாப்பாடு, வண்டி என்று ஊர்க்காரர்கள் அலைந்தால், அந்தச் செலவில் நாலு மூட்டை சிமெண்ட் வாங்கிவிடலாம். படுக்கை, பாத்திரத்தோடு வருகிறவர் யாருக்கும் பாரமில்லை. வண்டி வீட்டுக்கு இங்கே ஒரு நியாயம் இருக்கிறது என்றால் அது இதுதான். அதனால் எங்கள் வேன் அந்த ஊருக்கு எவ்வளவு பாரமாக இருந்தது, எவ்வளவு பாரத்தைக் குறைத்தது என்பதை வைத்தே எடைபோடுகிறேன்.

வேன், டெம்போ டிராவலர் அளவு. பின்பக்கம் குறுக்கே இரண்டு பேர் படுக்கும் கட்டில், நடுவில் சிங்க், இரட்டை அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஓரத்தில் பீரோ அகலத்துக்கு ஒரு குளியலறை. கூரையில் சோலார் பலகையும் ஏசியும். வீட்டுக்காரர் உள்ளே ஏறியதும் கட்டில் மெத்தையைத் தூக்கிப் பலகையைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள், ஒயர்கள் எல்லாம் பைப்புக்குள் போயின, ரிவெட் வரிசை ஒழுங்காக இருந்தது. கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் துளை விட்டிருந்தது அவருக்குத் திருப்தி. எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேதான் தேங்கும், துளை மேலே இருந்து பயனில்லை. திருப்தியில்லாத இடம் குளியலறை. பிளைவுட் வெட்டிய ஓரங்களை அடைக்காமல் விட்டிருந்ததால் தண்ணீர் ஏறி, கதவோரப் பலகை ஊதியிருந்தது. "இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காதுங்க" என்றார் ஓட்டுநரிடம். அவரும் முதலாளியிடம் சொல்லியிருக்கிறாராம்.

ஓட்டுநரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருக்குப் படுக்க வேனில் இடமே இல்லை. முன் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார் என்று வாடகைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். நாள் கணக்கில் ஒரு மனிதர் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டு நம்மை ஓட்டிக்கொண்டு போக முடியுமா? அறக்கட்டளையின் சாமான் கிடங்கில் ஒரு சின்ன அறையை ஒழித்து, பாயும் ஃபேனும் கொடுத்தார்கள். அந்தச் செலவும் சிரமமும் அவர்கள் தலையில் விழுந்தது. நியாயமாக வாடகைக்காரர் பார்க்க வேண்டியது.

வேனை அந்தக் கிடங்கு வளாகத்தில்தான் நிறுத்தினோம். பெரிய வேப்பமரம் ஒன்று. நிழலில் நிறுத்தினால் உள்ளே வெந்து போகாது, ஆனால் சோலாருக்கு வெயில் கிடைக்காது. காலை வெயில் கூரையில் விழுந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல் வருகிற இடமாகப் பார்த்து ஓட்டுநர் நிறுத்திக் கொடுத்தார். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு அது போதும். ஏசி நடுராத்திரி வரைதான் ஓடும், பிறகு பேட்டரி படுத்துவிடும். தை மாதப் பனியில் சன்னலைத் திறந்து கொசுவலையை இழுத்துவிட்டால் ஏசியே வேண்டாம். பங்குனி, சித்திரை என்றால் கதை வேறு.

வாடகைக்காரர் நீளமான ஒயர் ஒன்றைக் கொடுத்து, "பக்கத்து வீட்ல ஒரு பிளக் கேட்டா குடுப்பாங்கம்மா" என்றார் கிளம்பும்போது. இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். நாங்கள் போனபோது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்தாலும், ஒரு இரவுக்கு எட்டு யூனிட். பதின்மூன்று இரவில் அந்த வீட்டின் இரண்டு மாத இலவச யூனிட்டை நாம் தின்றுவிடுவோம். குடிசைகளில் இருப்பது இலவச விளக்கு இணைப்பு, அதில் ஏசி மாட்டுவது முறையே இல்லை. கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். அதனால்தான் நாம் கேட்கக் கூடாது.

கழிவறை கேசட் வகை. கீழே ஒரு பெட்டி, நிறைந்ததும் கழற்றி எடுத்துப் போய்க் கொட்ட வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை. "டிரைவர் பார்த்துக்குவார்" என்று வாடகைக்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் சட்டமே போட்ட நாட்டில், நம் கழிவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஏழைக்கு வீடு கட்டுகிறேன் என்று போவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டுக்காரரே கையுறை போட்டு, கிடங்கின் கழிவறையில் கொட்டி, கழுவி எடுத்துவருவார். செப்டிக் டேங்க் உள்ள கழிவறையா என்று முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொண்டோம். பகலில் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே அறக்கட்டளையின் கழிவறை இருந்ததால் பெட்டி சீக்கிரம் நிறையவில்லை.

சரி, வீட்டு வேலைக்கு வருகிறேன்.

புதுவயல் போகும் பக்கத்தில் ஓர் ஊர். அந்தக் குடும்பத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்று ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். கட்டுவது அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒதுக்கீடான வீடு. 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். 2030-க்குள் குடிசையே இல்லாமல் செய்ய எட்டு லட்சம் வீடு என்று சொல்லித் தொடங்கிய திட்டம். பணம் வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வரும். அடுத்த கட்டம் வரும்வரை வேலையை நிறுத்த முடியாத குடும்பம் வட்டிக்கு வாங்கும். இந்த அறக்கட்டளை அந்த இடைவெளியில் கை கொடுக்கிறது. தரைக்கு மண் நிரப்புவது, பூச்சு, கழிவறை ஆகிய மூன்றுக்கும் சாமானும் ஆளும் அவர்கள் பொறுப்பு. தன்னார்வலர்கள் வருவது இந்த வேலைகளுக்குத்தான். வீடு முழுவதும் நாங்கள் கட்டினோம் என்று யாரும் பேசிக்கொள்ள வழியில்லாத ஏற்பாடு. எனக்கு இது பிடித்தது.

நாங்கள் போனபோது சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, சன்னலின் மேல்விளிம்பு வரை வந்திருந்தது. காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பம். முதல் நாள் மேஸ்திரி எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். சாரத்தில் ஏறக் கூடாது, கம்பி வெட்டும் இடத்துக்கு வரக் கூடாது, கூரை வார்ப்பைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கு அடியில் நிற்கக் கூடாது. செருப்போடு வரக் கூடாது, ஷூ வேண்டும். மயக்கமாக வந்தால் சொல்லாமல் உட்கார்ந்துவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அறுபதைத் தாண்டியவர். அவர் அப்பா பெரிய வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்த்தவராம். எங்களை வேலைக்காரர்களாகவும் நடத்தினார், வயதானவர்களாகவும் பார்த்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

எனக்கு முதலில் கிடைத்த வேலை செங்கல் நனைப்பது. டிரம்மில் ஊறப் போட்டு, குமிழி அடங்கியதும் எடுத்து அடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

"செங்கல் தண்ணி குடிக்காம இருந்தா, கலவையில இருக்கிற தண்ணியை அது குடிச்சிரும்மா. அப்புறம் சிமெண்டு எதைக் குடிச்சு இறுகும்?"

அதற்குப் பிறகு ஒரு செங்கல்லைக்கூட அவசரமாக எடுக்கவில்லை. மணல் சலித்தேன். இப்போது ஆற்று மணல் இல்லை, கட்டுவதற்குக் கல்லைப் பொடித்துச் செய்யும் எம்-சாண்ட், பூசுவதற்கு அதைவிடப் பொடியான பி-சாண்ட். சுவர்க் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு என்று கலவை, அளப்பதற்கு மரப்பெட்டி. பாண்டு சட்டியால் கண்மதிப்பாகப் போடுவதை மேஸ்திரி விடவில்லை. வீட்டுக்காரருக்குத் தரை நிரப்பும் வேலை. செம்மண் கிராவலை அரையடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் அடித்து, மறுபடி அடுத்த அடுக்கு. இதில் அவசரப்பட்டால் இரண்டு வருடத்தில் தரை உள்வாங்கி விரிசல் விடும். வெளியே தெரியாத வேலை, யாரும் படம் எடுக்காத வேலை. பஸ்ஸுக்கு அடிச்சட்டம் மாதிரி என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

பிறகு உள்பூச்சு தொடங்கியது. பூச்சில் எங்களுக்கு வேலை, கலவை எடுத்துக் கொடுப்பதும் மறுநாளிலிருந்து தண்ணீர் விடுவதும். க்யூரிங் என்று எல்லோரும் சொல்வதுதான். காலை, மத்தியானம், மாலை என்று சுவர் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குறைந்தது ஒரு வாரம். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களில் பகலில் தண்ணீர் விட ஆள் இருக்காது. சுவர் பலமிழப்பது பெரும்பாலும் அங்கேதான் என்று மேஸ்திரி சொன்னார். என்னைப் போன்றவர்கள் வந்து நிற்பதால் உண்மையில் பயன்படும் இடம் இது என்று எனக்குப் புரிந்தது. செங்கல் எடுத்துக் கொடுப்பதை யாரும் செய்வார்கள். மூன்று வேளையும் தவறாமல் தண்ணீர் விட, வேறு வேலையில்லாத ஒரு ஆள் வேண்டும்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் கூலியில்லாமல் செய்தால் ஒரு சித்தாளின் நாள் கூலி போகுமே? அறக்கட்டளையில் நேராகவே கேட்டேன். கொத்தனார் இருவர், சித்தாள் மூவர் என்ற கணக்கு தன்னார்வலர் வந்தாலும் வராவிட்டாலும் மாறாது என்றார்கள். எங்களால் மிச்சமாகும் நேரத்தில் கழிவறைக் குழி வேலை முன்கூட்டியே தொடங்கும், அவ்வளவுதான். சித்தாளாக வந்த பெண்களிடமும் தனியாகக் கேட்டேன். "எங்க சம்பளத்துல கை வைக்கல அக்கா, நீங்க வந்தா டீ கூட நேரத்துக்கு வருது" என்றாள் ஒருத்தி. இந்தப் பதில் வேறு மாதிரி வந்திருந்தால் நான் இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்கவே மாட்டேன். நீங்களும் எங்கே போனாலும் கேளுங்கள்.

வீடு பெறும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நடவு, களை என்று போகிறவள். வேலை இல்லாத நாளெல்லாம் எங்களோடு நின்றாள். கலவை சுமப்பதில் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தாலும் அவளுக்கு ஈடில்லை. அடுப்படி சன்னலுக்கு இடம் விட்டிருந்தது வடக்குப் பக்கம். ஒருநாள் தயங்கித் தயங்கி மேஸ்திரியிடம் கேட்டாள்: "அண்ணே, இதைக் கிழக்க மாத்தி வைக்க முடியுமாண்ணே? பள்ளிக்கூட பஸ்ஸு வர்றது தெரியும்." மேஸ்திரி தூக்குக்குண்டைப் போட்டு, அளவு பார்த்து, கட்டிய சுவரைப் பிரித்து மாற்றிக் கொடுத்தார். அரை நாள் வேலை. முணுமுணுப்பே இல்லை. வேறு இடங்களில் கொடுப்பவர் சொல்வதைப் பெறுபவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றே பார்த்துப் பழகிய எனக்கு, இந்த அறக்கட்டளைமேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். வீடு பெறும் குடும்பத்தின் பழைய குடிசையைப் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு விதியும் வைத்திருக்கிறார்கள். நல்ல விதி.

ஒரு மணிக்கு வேலை நிற்கும். மகளிர் குழுப் பெண்கள் சமைத்த சாப்பாடு அங்கேயே: சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, அப்பளம். காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம், அது அவர்களுக்கு வருமானம். சாப்பிட்டுவிட்டு வேனில் கொஞ்சம் படுத்து எழுந்து மூன்றரைக்குக் கிளம்பினால், சூரியன் சாயும்வரை ஊர் பார்க்கலாம்.

இந்த வரிசையில் பார்த்தது எங்களுக்குப் பெரிய லாபம். இதற்கு முன்பும் கானாடுகாத்தான் போயிருக்கிறேன், வீடுகளின் அளவைப் பார்த்து மலைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இந்த முறை மேஸ்திரி, "சுவரைத் தொட்டுப் பாருங்கம்மா, தரை மட்டத்தைப் பாருங்க, மழைத் தண்ணி எங்க போவுதுன்னு பாருங்க" என்று மூன்று வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்.

தொட்டுப் பார்த்தோம். சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த சுவர். நாலு மணி வெயிலிலும் உள்பக்கம் குளிர்ந்திருந்தது, கண்ணாடிபோல வழவழப்பு. இன்றைக்கும் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதுமாம், வெள்ளையடிக்கும் செலவில்லை. தரை தெருவிலிருந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைய உயர்ந்திருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள், தண்ணீர்ப் பயத்தில் வீட்டைத் தூக்கிக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். முகப்பிலிருந்து முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் போய்ப் பின்தெருவில் முடிகின்றன. முன்தெருவில் நின்றால் பின்தெரு வெளிச்சம் தெரிகிறது. காற்றுக்கு அதுதான் வழி. கூரை நான்கு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சாய்கிறது. மழைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகிறது.

வேனுக்குத் திரும்பியதும் வீட்டுக்காரர் கேட்டார், 360 சதுர அடியில் இதில் எதை வைக்க முடியும் என்று. முற்றம் முடியாது. ஆனால் வாசலுக்கு நேராகப் பின்கதவு வைக்கலாம், எதிரெதிரே சன்னல் வைக்கலாம், தரையை ஒரு செங்கல் கூடுதலாகத் தூக்கலாம். மறுநாள் மேஸ்திரியிடம் சொன்னபோது, பின்கதவு ஏற்கெனவே நேராகத்தான் இருக்கிறது என்று கூட்டிப் போய்க் காட்டினார். தினமும் அதன் வழியாகத்தான் மணல் சுமந்திருக்கிறோம்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்யும் பட்டறைக்கு வேலை நடக்கும் நேரத்தில் போக வேண்டும், ஆகவே ஒரு காலை வேலையை விட்டுவிட்டுப் போனோம். இதில் சூளையே கிடையாது. கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் கலங்காமல் நிற்கும் கைநேர்த்தியைப் பார்க்க வேண்டும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு அழுத்திச் சமப்படுத்தி, இறுகியபின் தொட்டித் தண்ணீரில் போடுகிறார்கள். நாள் கணக்கில் ஊறியபின் வெளியே எடுத்துக் காய வைத்தால், கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. கண்ணாடிப் பக்கம் பளபளப்பு. நாங்கள் சுவருக்குத் தண்ணீர் விடுவதும் இவர்கள் தொட்டியில் ஊற வைப்பதும் ஒரே காரியம். வீடு பெறும் பெண்ணிடம் தரைக்கு இது வேண்டுமா என்று அறக்கட்டளையில் கேட்டிருக்கிறார்கள். அவள் ரெட் ஆக்சைடு தரைதான் கேட்டாள், பிள்ளைகள் படுத்துப் படிக்கக் குளிர்ச்சியாக இருக்கும் என்று.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி பார்க்க ஆசையாகத்தான் போனேன். ஆனால் இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் சுவரோரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்தபோது மனம் கனத்தது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் இருப்பது வீட்டைக் காப்பாற்றுவதில்லை. பங்காளிகள் பத்து ஊரில், பத்து நாட்டில் இருக்கும்போது ஓடு மாற்றக் கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையார்பட்டி காலையில் நடை திறந்ததும் போங்கள், குடைவரைப் பிள்ளையாரைத் தள்ளுமுள்ளு இல்லாமல் பார்க்கலாம். குன்றக்குடிச் சாலையில் தைப்பூசத்துக்கு முன்பு நகரத்தார் காவடி பழனிக்கு நடந்துபோகும் காலம் என்றால், இருட்டில் வேன் எடுக்காதீர்கள். திருமயம் கோட்டை 1687-இல் கட்டியது, மேலே ஏறினால் பீரங்கியும் நாலாபக்கமும் தெரியும் கண்மாய்களும். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில். கண்டாங்கிச் சேலை வாங்குவதாக இருந்தால் கைத்தறியா என்று பார்த்து வாங்குங்கள், 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது. சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கிடைக்கும் கடை எந்த ஊரிலும் இருக்கும். வேனில் அடுப்பு இருந்ததால் எனக்கு ஒரு வசதி: கவுனி அரிசியை இரவே ஊறப் போட்டு, மறுநாள் வேகவைத்து, தேங்காயும் சர்க்கரையும் போட்டு வேலையிடத்துக்கே கொண்டுபோனேன்.

இந்தத் தெருக்களில் வேன் ஓட்டுவது சிரமமில்லை. கானாடுகாத்தான் தெருக்கள் அகலமானவை, கட்டம் போட்ட மாதிரி நேரானவை. சிக்கல் உயரத்தில்தான். கூரை ஏசியும் சேர்ந்தால் தாழ்ந்த கிளையும் கேபிள் ஒயரும் இடிக்கும். ஊருக்குள் போகும் மண்பாதைகளில் ஓட்டுநர் இறங்கி மேலே பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். வேலையிடத்துக்கு வேனைக் கொண்டுபோகாமல் நடந்தே போனோம்.

இப்போது பணம். வேனின் நாள் வாடகை ஐந்திலக்கத்தைத் தொடவில்லை. ஆனால் டீசல், ஓட்டுநர் படி தனி. கார் வாடகைபோல ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்றை வைத்து அதற்கும் காசு வாங்கினார்கள். திருச்சியிலிருந்து காரைக்குடி 90 கிலோமீட்டர் அளவு. வந்தபிறகு சாயங்காலச் சுற்றல் அதிகம் போனால் நாற்பது, ஐம்பது. ஓடாத தூரத்துக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் அந்த வீட்டின் கழிவறைக் கதவும் பைப்பும் வாங்கியிருக்கலாம். நின்ற இடத்திலேயே பெரும்பாலும் நிற்கப்போகும் பயணத்துக்கு, ஓட்ட நாளுக்கு ஒரு வாடகை, நிறுத்த நாளுக்கு ஒரு வாடகை என்று பிரித்துப் பேச வேண்டும். கேட்டுப் பார்த்தேன், அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும் என்று நம்புகிறேன். அறக்கட்டளைக்குக் கொடுத்த நன்கொடைக்கு அன்றைக்கே ரசீது. எத்தனை மூட்டை சிமெண்டுக்குப் போனது என்று கணக்கு நோட்டையும் காட்டினார்கள்.

அவர்களிடம் ஒரே குறை, கையுறை. எல்லாம் பெரிய அளவு, பெண்கள் கைக்கு நிற்கவில்லை. சிமெண்ட் ஈரம் விரல் இடுக்கில் அரித்துவிடும். நம் அளவுக்கு ரப்பர் கையுறை கொண்டுபோய்விடுங்கள், வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இடுப்பு வலி, முழங்கால் வலி உள்ளவர்களும் போகலாம். மணல் சலிக்க, தண்ணீர் விட, சாமான் கணக்கு எழுத உட்கார்ந்தபடி வேலை இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம், வேலையிடத்தில் கம்பியும் குழியும்.

மூன்று நாளுக்குக் குறைவாகப் போவதானால் வேண்டாம் என்பேன். முதல் இரண்டு நாள் மேஸ்திரி நமக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே அவர் வேலை தாமதமாகிறது. அதற்குப் பிறகுதான் நம்மால் அவருக்குப் பயன். தையும் மாசியும் நல்ல மாதங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் வாடகைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நிறுத்த நாளுக்கு வாடகை எவ்வளவு, ஓட்டுநர் எங்கே படுப்பார்? அறக்கட்டளையிடம் ஒன்று: சித்தாள்களின் சம்பளம் என்ன ஆகிறது? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.